நகத்தில் ஒட்டிய சிவப்பு

அப்பா போன பிறகு இரண்டு வருடம் மொட்டை மாடியை யாரும் கவனிக்கவில்லை. துணி காயப்போட அம்மா ஏறுவாள், இறங்கிவிடுவாள். ரோஜாவும் செம்பருத்தியும் முதல் கோடையிலேயே காய்ந்து போயின. கள்ளிகள் மட்டும் இருந்தன. 'இருந்தன' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. தண்ணீர்த் தொட்டி நிழலில் கிடந்த ஓர் உருண்டைக் கள்ளி, வெளிச்சத்தைத் தேடி வெளிறிப்போய் விரல் மாதிரி நீண்டிருந்தது. இன்னொன்று அடி அழுகிச் சாய்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு சிமெண்ட் தொட்டியில் நாகதாளி. கோவில்பட்டிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அப்பா ஒரு மடலை ஒடித்து, செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்து நட்டது. அதன் மேலெல்லாம் பஞ்சு பஞ்சாக வெள்ளை.

"அந்த முள்ளுச் செடியெல்லாம் தூக்கிப் போட்டுரேன்டா. வீட்டுக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னேன், உங்கப்பா கேட்டாத்தானே" என்றாள் அம்மா.

பஞ்சை நகத்தால் சுரண்டினேன். விரல் முழுக்கச் சிவப்பு. முள் குத்திவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கழுவிப் பார்த்தால் காயம் எதுவும் இல்லை. சிவப்பும் முழுசாகப் போகவில்லை, நகக்கண்ணில் தங்கிவிட்டது.

அந்தச் சிவப்புக்காகத்தான் இருநூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்பு சென்னையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார்கள். என் தொட்டியில் இருந்த செடியின் கதையும், அதைத் தின்றுகொண்டிருந்த பூச்சியின் கதையும் அங்கே போய் ஒட்டுகின்றன.

*

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சங்கப் பாடல்களில் பாலை நிலத்திலும் சுடுகாட்டிலும் வரும் கள்ளி வேறு, நாகதாளி வேறு. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் நம் மண்ணின் கள்ளிகள். கீறினால் பால் வரும். ஆமணக்கின் குடும்பம். நாகதாளி என்ற சப்பாத்திக் கள்ளியைக் கீறினால் பால் வராது, வழவழவென்று சாறுதான் வரும். அது கேக்டஸ் குடும்பம். அந்தக் குடும்பத்தின் தாய்வீடு அநேகமாக முழுக்க அமெரிக்கக் கண்டங்கள்தான். முள்ளும் தோற்றமும் ஒத்துப்போனதால் நம் ஆட்கள் வந்த செடிக்கும் 'கள்ளி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மிளகாயைப் போல, அதுவும் காலம் காலமாக இங்கேயே இருந்ததாக நமக்குத் தோன்றுகிறது.

நம் ஊரில் நாகதாளிப் பழம் தின்னாத கரிசல் காட்டுப் பையன் குறைவு. பழத்தைத் தரையில் போட்டுச் செருப்பால் தேய்த்து மயிர்முள்ளை எடுக்க வேண்டும். பிளந்து, நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் தின்ன வேண்டும். நாக்கு இரண்டு நாளைக்குச் சிவந்திருக்கும். பழத்தின் சிவப்பு, செடி தானே செய்வது. பீட்ரூட்டின் நிறம் எந்த வகையோ அந்த வகை. என் நகத்தில் ஒட்டியது அது இல்லை. அது பூச்சி செய்வது. கார்மினிக் அமிலம் என்று பெயர். ஓடவும் பறக்கவும் முடியாமல் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பெண்பூச்சி, எறும்பு மாதிரியான எதிரிகள் தன்னைத் தின்னாமல் இருக்க உடம்புக்குள் சேர்த்து வைக்கும் கசப்பு அது. மேலே இருக்கும் வெள்ளைப் பஞ்சு அதன் மெழுகுப் போர்வை.

இந்தப் பூச்சியின் பெயர் காச்சினீல். மெக்சிகோவில் ஸ்பானியர்கள் கால் வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் அதை வளர்த்தார்கள். வளர்ப்பு என்றால் நிஜமான வளர்ப்பு. கள்ளி மடல்களில் தாய்ப்பூச்சிகளை வைத்துப் பெருக்கி, மழையிலிருந்து காத்து, கையால் துடைத்து எடுத்து, காயவைத்துச் சாயமாக்கினார்கள். ஒரு பவுண்டு எடைக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். வஹாக்கா பகுதியின் சிறு விவசாயிகள் விளைவித்த இந்தச் சிவப்பு, வெள்ளிக்கு அடுத்தபடியாக மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்குப் போன விலையுயர்ந்த சரக்குகளில் ஒன்று. ஸ்பெயின் அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்தது. காய்ந்த பூச்சி பார்க்க மணி மாதிரி இருக்கும் என்பதால், அது விதையா பூச்சியா என்றே ஐரோப்பாவில் வெகுகாலம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நுண்ணோக்கி வந்துதான் அந்தச் சண்டை தீர்ந்தது. 1777இல் தியரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் வஹாக்காவுக்குள் புகுந்து, பூச்சி ஒட்டிய கள்ளிகளைக் கடத்திக்கொண்டு இன்றைய ஹெய்திக்குப் போனார். 1780இல் அவர் இறந்தார். அதன் பிறகு கவனிப்பு இல்லாமல் உயர்ரகப் பூச்சிகள் அழிந்தன.

*

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். ஸ்காட்லாந்துக்காரர். மருத்துவத்தைவிடச் செடிகொடிகளில் பித்து. 1786இல் சென்னைக் கடற்கரையோரப் புல்லில் ஒரு செதில்பூச்சியைப் பார்க்கிறார். நசுக்கினால் சிவப்பு. காச்சினீல் கிடைத்துவிட்டது என்று லண்டனுக்கு, சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதுகிறார். கடிதங்களை 1788இல் சென்னையிலேயே அச்சிட்டும் விட்டார். மாதிரி லண்டன் போனது. சாயத்துக்கு லாயக்கில்லை என்று பதில் வந்தது.

ஆனால் ஆசை அடங்கவில்லை, ஆண்டர்சனுக்கும் சரி, கம்பெனிக்கும் சரி. காரணம் வணிகம். சோழமண்டலக் கரையில் ஏற்கெனவே ஓர் அருமையான சிவப்பு இருந்தது. இம்பூறல் என்கிற சாயவேரிலிருந்து எடுத்தது. நம் பருத்தித் துணிகளை உலகம் பூராவும் கொண்டுபோனதில் அந்த வேருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கம்பளிக்கும் பட்டுக்கும் காச்சினீல் ஏறுவது போல வேறெதுவும் ஏறாது. பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாயின் சிவப்புக் கோட்டுக்கு மஞ்சிட்டி வேர்ச் சாயம் போதும். அதிகாரிகளின் கோட்டுக்குக் காச்சினீல். அதற்கான பணம் எதிரியான ஸ்பெயினுக்குப் போய்க்கொண்டிருந்தது. சொந்தக் காலனியிலேயே அந்தப் பூச்சி விளைந்தால்?

பூச்சி வருவதற்கு முன்பே அதற்குச் சாப்பாடு தயாரானது. சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு 'நோபல்' தோட்டம் எழுந்தது. நோபல் என்றால் மெக்சிகோவில் சப்பாத்திக் கள்ளி. ஆண்டர்சனின் மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி அதைப் பார்த்துக்கொண்டார். பல இடங்களிலிருந்து வரவழைத்த கள்ளிகள் அங்கே வளர்ந்தன. இன்று மெட்ரோவும் மேம்பாலமும் இருக்கும் அந்த வட்டாரத்தில், வரிசை வரிசையாகக் கள்ளி நட்டு, வராத ஒரு பூச்சிக்காகக் காத்திருந்தார்கள்.

1795இல் வந்தது. சென்னைக்கு இல்லை, கல்கத்தாவுக்கு. கேப்டன் நீல்சன் என்பவர் வரும் வழியில் ரியோ டி ஜெனிரோவில் இறங்கி, பூச்சி ஒட்டிய கள்ளிகளைக் கப்பலில் ஏற்றினார். வழியில் நிறையச் செத்து, கொஞ்சம் பூச்சிதான் பிழைத்தது. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில், அதற்கு முன்பே இந்தியாவில் பரவியிருந்த ஒரு நாகதாளி வகையில் விட்டார்கள். பிடித்துக்கொண்டது. அங்கிருந்து சென்னைக்கும் வந்தது.

பெருகியதென்னவோ உண்மை. ஆனால் அது மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சி இல்லை. தென் அமெரிக்காவின் காட்டுப்பூச்சி, அதன் உறவுக்காரி. சாயம் குறைவு, மெழுகு அதிகம், தரம் மட்டம். கம்பெனியின் கணக்கு தப்பியது, முயற்சி மெல்லக் கைவிடப்பட்டது. பிற்பாடு 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடிக்க, கொஞ்ச காலத்தில் பூச்சிச் சிவப்பின் உலகச் சந்தையே சரிந்தது.

*

சாயத்தின் கதை அங்கே முடிந்தது. செடியின் கதைக்கு முடிவில்லை.

கைவிட்ட தோட்டத்துக் கள்ளியை யாரும் போய்ப் பிடுங்கவில்லை. வேலிக்கு நட்டார்கள், வேலி தாண்டி வந்தது. பறவை பழத்தைத் தின்று விதை போட்டது. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன மடல், ஒதுங்கிய இடத்தில் வேர்விட்டது. வட இந்தியாவில் உப்பு வரிக்காகக் கம்பெனியும் பிறகு பிரிட்டிஷ் அரசும் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வளர்த்த உயிர்வேலியிலும் கருவேலத்தோடும் இலந்தையோடும் சப்பாத்திக் கள்ளி இருந்தது.

அப்போது ஒரு வினோதம் நடந்தது. சாயத்துக்கு ஆகாத அந்த ரியோ பூச்சி, தான் ஒட்டிய கள்ளி வகையை வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் அநேகமாகத் தின்றே தீர்த்துவிட்டது. ஜனங்கள் அதைக் கவனித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே பூச்சியைத் தெற்கே கொண்டுவந்து கள்ளிக் காடுகளில் விட்டார்கள். 1865க்குச் சற்று முன் அது இலங்கைக்கும் போனது. களை ஒன்றை அழிக்க, அதைத் தின்னும் உயிரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேண்டுமென்றே கொண்டுபோனதற்கு உலகில் நமக்குத் தெரிந்த முதல் உதாரணம் இதுதான். தோற்றுப்போன பூச்சிக்கு இப்படி வேறொரு வேலை கிடைத்தது. பின்னாளில் அதற்கு 'சிலோனிகஸ்' என்று பெயரிட்டார்கள். பிரேசில் பக்கத்துப் பூச்சி இன்றுவரை இலங்கையின் பெயரில்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பூச்சிக்கு வாய் சின்னது. ஒரே ஒரு கள்ளி வகைதான் அதற்குப் பிடிக்கும். நாம் இன்று சப்பாத்திக் கள்ளி என்று சொல்லும் மஞ்சள் பூ வகையை அது தொடாது. அந்த வகை தென்னிந்தியாவில் மேய்ச்சல் நிலம், புறம்போக்கு, கண்மாய்க்கரை என்று பரவியது. பாம்புக்கும் எலிக்கும் அடைக்கலம், காலுக்கு முள். ஆனால் பஞ்ச காலத்தில் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குப் போட்டதும் அதைத்தான்.

இதே நேரத்தில் ஆஸ்திரேலியாவிலும் அதே கதை. 1788இல் கைதிகளோடு போன முதல் கப்பல்கள், அதே ரியோவில் நின்று, அதே சாய ஆசையில் கள்ளியை ஏற்றிக்கொண்டு போயின. பிறகு போய்ச் சேர்ந்த வேறொரு கள்ளி வகை 1920களில் சுமார் 6 கோடி ஏக்கரை அடைத்துக்கொண்டது. அங்கிருந்து 1912இல் இருவர் குழு கள்ளியின் எதிரிகளைத் தேடி உலகம் சுற்றக் கிளம்பியது. இந்தியாவிலும் இலங்கையிலும் ரியோ பூச்சியின் வேலையை நேரில் பார்த்து, அதையும் கொண்டுபோனார்கள். கடைசியில் அங்கே வென்றது அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஓர் அந்துப்பூச்சி. அதற்கு நன்றி சொல்லிக் குயின்ஸ்லாந்தில் பூனார்கா என்ற ஊரில் ஒரு மண்டபமே கட்டியிருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியா வட அமெரிக்காவிலிருந்து இன்னொரு காச்சினீல் பூச்சியையும் வரவழைத்திருந்தது. அது அங்கிருந்து இலங்கைக்கும், இலங்கையிலிருந்து 1926இல் தென்னிந்தியாவுக்கும் வந்தது. இது மஞ்சள் பூக் கள்ளியைத் தின்னும். ஐந்தாறு வருடத்தில் சுமார் 40,000 ஹெக்டேர் பரப்பில் கள்ளி சரிந்தது. வெட்டியும் எரித்தும் ஒழிக்க முடியாததை, நடக்கக்கூட முடியாத ஒரு பூச்சி முடித்துவைத்தது. முற்றாக ஒழியவில்லை. பூச்சி பெருகினால் செடி குறையும். செடி குறைந்தால் பூச்சி பட்டினியில் சாகும். அங்கங்கே தப்பிய மடல் மறுபடி துளிர்க்கும். காலியான இடங்களில் பிற்பாடு சீமைக் கருவேலம் ஏறியது. அது வேறு கதை, அதே மாதிரிக் கதை.

அப்பா ஒடித்துக்கொண்டு வந்தது அப்படித் தப்பியவற்றின் வழியில் வந்த ஒரு மடல். பூச்சியும் அதோடு பஸ் ஏறியதா, பின்னால் காற்றில் வந்ததா தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் மெழுகு இழையைப் பிடித்துக்கொண்டு காற்றில் மிதந்து போகும்.

*

மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். கைவிடப்பட்ட கள்ளியைப் பிழைக்க வைக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம், அவசரப்படாமல் இருந்தால் போதும். எல்லோரும் செய்யும் தப்பு, பாவமே என்று உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது. காய்ந்த வேர் அதைக் குடிக்காது, அழுகும்.

அடி அழுகியதை எடுத்து, நல்ல கத்தியால் மேலிருந்து சீவிக்கொண்டே வந்தேன். வெட்டில் பழுப்பு வளையம் இருக்கும்வரை நோய் இருக்கிறது என்று அர்த்தம். சுத்தமான பச்சை வந்ததும் நிறுத்தி, நிழலில் பத்து நாள் போட்டேன். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் மண். மற்றவற்றின் பழைய மண்ணை உதறி, செத்த வேரைக் கத்தரித்து, பாதிக்குப் பாதி மணலும் உடைத்த செங்கல் துண்டும் கலந்த மண்ணில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். அதன் பிறகு மண் முழுக்கக் காய்ந்தால்தான் அடுத்தது. நிழலில் நீண்டதை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் வெந்துவிடும். வாரத்துக்கு ஒரு மணி நேரமாகக் கூட்ட வேண்டும். நீண்ட பகுதி இனி உருண்டையாகாது. மேலே புதிதாக வருவதுதான் சரியாக வரும். இரண்டு வருடம் கவனிக்காத தழும்பு அந்தச் செடியில் அப்படியே இருக்கும்.

நாகதாளிக்கு வந்தேன். வெள்ளையைப் பார்த்ததும் மாவுப்பூச்சி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நசுக்கினால் ரத்தச் சிவப்பு வந்தால் அது காச்சினீல். இரண்டுக்கும் வைத்தியம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: வேகமாகத் தண்ணீர் அடித்துப் பஞ்சைக் கலைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து வாரம் ஒருமுறை தெளிப்பது. பஞ்சைக் கலைக்காமல் மருந்தடித்தால் உள்ளே இறங்காது. மடல்கள் பாதிக்கு மேல் மஞ்சளாகி, உள்ளே கூடாகியிருந்தன. அவற்றை வெட்டிப் பையில் கட்டினேன். நல்லதாக ஒரே ஒரு மடல்தான் தேறியது.

பிரஷால் தேய்க்கத் தேய்க்க மாடித் தரையில் சிவப்பு ஓடியது. துணி எடுக்க வந்த அம்மா பதறிப்போனாள். "என்னடா இது, கையை வெட்டிக்கிட்டியா?" பூச்சிச் சாயம் என்று சொன்னேன். மெட்ராஸில் அந்தக் காலத்தில் இதற்காகத் தோட்டம் போட்டதைச் சொன்னேன். ஆண்டர்சன் ஏமாந்ததைச் சொன்னேன். குங்குமத்தைத் தொட்டுப் பார்ப்பது போல ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"உங்கப்பா சின்ன வயசுல இதை வச்சுத்தான் சிலேட்டுல எழுதுவாங்களாம். ஆசிரியர் ரத்தம்னு நினைச்சுப் பயந்துட்டாராம்" என்றாள்.

எனக்கு அப்பா இதைச் சொன்னதே இல்லை. கேட்டதும் இல்லை.

அந்த ஒற்றை மடலைப் புது மண்ணில் நட்டிருக்கிறேன். மூன்று மாதமாகிறது. சென்ற வாரம் அதன் விளிம்பில் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு துளிர் வந்திருக்கிறது. அம்மா துணி காயப்போடும்போது அந்தப் பக்கம் கொடியில் புடவையைப் போடுவதில்லை. நிழல் விழுந்துவிடுமாம்.