கூடவே இருந்து கேட்பவர்கள்

மட்டக்களப்பு வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா 1996இல் தொடங்கப்பட்டது. கனடியக் கலைஞர் போல் ஹோகனும் உளவளத்துணையாளரான இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதை வழிநடத்தினர். போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கு ஒன்றாக வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை புனைந்து நடித்தார்கள். அவர்களோடு இருந்து வழிகாட்டியவர்கள் உள்ளூர் இளைஞர், யுவதிகள், போருக்குள் வளர்ந்தவர்கள்.

நமுனுகுல தோட்டப்புறத்தில் பிறந்த எனக்கு இது புதிதல்ல. 1983 ஜூலையில் பதுளை எரிந்ததை எங்கள் லயத்துப் பெரியவர்கள் பேசுவதில்லை. மாசியில் காமன் கூத்தில் ரதி புலம்பும்போது மட்டும் அழுவார்கள். கூத்தை நடத்தும் மாஸ்டரும் பகலில் அவர்களோடு மலையேறும் தொழிலாளிதான்.

தொடங்கிவைக்க ஒருவர் வெளியிலிருந்து வரலாம். கூடவே இருந்து கேட்பவர் ஊருக்குள்ளிருந்துதான் வரவேண்டும்.