கைப்பையில் கிரீன்விச்

பழைய சங்கிலிக் கடிகாரம் சேர்ப்பவர்களின் கண் முதலில் போவது கூட்டின் மேல்தான். தங்கமா, வெள்ளியா, செதுக்கு வேலை உண்டா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த கடிகாரமோ தங்கக் கூட்டைக் கழற்றிப் போட்ட பிறகுதான் உழைக்கவே தொடங்கியது.

1794-ல் லண்டனில், ஜான் அர்னால்டின் பட்டறையில் உருவானது அது. எண் 485/786. கப்பல்களுக்கான துல்லியக் கடிகாரங்களை, அதாவது குரோனோமீட்டர்களைச் செய்து பெயர் வாங்கியவர் அர்னால்ட். மோதிரத்துக்குள் அடங்கும் மணியடிக்கும் கடிகாரம் ஒன்றைச் செய்து 1764-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கே கொடுத்த கைகாரர். 485/786 அந்த மன்னரின் மகன் சசெக்ஸ் கோமகனுக்காகச் செய்யப்பட்டது என்றும், ‘இத்தனை பெரிதா’ என்று அவர் வேண்டாம் என்றுவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கடைசியில் அது போய்ச் சேர்ந்தது கிரீன்விச் வானாய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த ஜான் ஹென்றி பெல்வில்லின் கைக்கு. (அவரோடு அங்கே வேலை பார்த்த டி. ஜி. டெய்லர்தான் 1830-ல் நம் சென்னை வானாய்வுக்கூடத்துக்குத் தலைவராக வந்தவர்.)

அந்தக் காலத்தில் சரியான நேரம் என்பது சுலபமாகக் கிடைக்கிற சரக்கு இல்லை. கிரீன்விச்சில் விண்மீன்கள் உச்சிக் கோட்டைக் கடப்பதைத் தொலைநோக்கியில் பார்த்து நேரத்தைக் கணித்தார்கள். லண்டனின் குரோனோமீட்டர் வினைஞர்களுக்கு அந்த நேரம் கட்டாயம் வேண்டும். கப்பல் கடிகாரம் 4 வினாடி பிசகினால், பூமத்திய ரேகையில் கணக்கு ஒரு கடல் மைல் தப்பிவிடும். அதனால் ஆளாளுக்கு ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டினார்கள். 1835-ல் ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பொறுப்பேற்ற ஜார்ஜ் ஏரிக்கு இது பெரிய இடைஞ்சல். மறு வருடமே ஓர் ஏற்பாடு செய்தார்: அவர்கள் இங்கே வர வேண்டாம், நேரம் அவர்களைத் தேடிப் போகட்டும்.

நேரத்தைச் சுமந்து போனது பெல்வில்லின் அர்னால்ட். தங்கம் தெரிந்தால் திருடன் விடமாட்டான் என்று அவர் கூட்டை வெள்ளிக்கு மாற்றியிருந்தார். சுமார் 200 வாடிக்கையாளர்கள். 1856-ல் அவர் இறந்தபோது மனைவி மரியாவுக்கு ஓய்வூதியம் கிடைக்கவில்லை. கையில் இரண்டு வயது மகள். மரியா அந்தக் கடிகாரத்தையே தொழிலாக்கிக்கொண்டார். 1892 வரை, எண்பது வயது தாண்டும் மட்டும், லண்டன் தெருக்களில் அதைச் சுமந்தார். அதற்குப் பிறகு மகள் ரூத்.

ரூத் பெல்வில் மெய்டன்ஹெட் ஊரிலிருந்து ரயிலேறி, நகரத்தைக் குறுக்கே கடந்து கிரீன்விச் வருவார். கைப்பையில் ‘மிஸ்டர் அர்னால்ட்’. அவர் கடிகாரத்துக்கு வைத்த பெயர் அதுதான். ஆய்வுக்கூடத்தின் தலைமைக் கடிகாரத்தோடு அதை ஒப்பிட்டு, இத்தனை வினாடி வேகம் அல்லது இத்தனை வினாடி தாமதம் என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு கடை கடையாக, பட்டறை பட்டறையாக ஏறி இறங்குவார். வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்த்து, சான்றிதழில் உள்ள வினாடிகளைக் கூட்டியோ கழித்தோ தன் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வார்.

இந்த முறையை நான் உயர்வாக நினைக்கிறேன். முள்ளைத் திருகித் திருகிச் சரியாக்கினால் இயக்கம்தான் கெடும். நல்ல கடிகாரத்துக்கு அழகு பிழையே இல்லாமல் இருப்பது அல்ல. பிழை நாளுக்கு நாள் ஒரே சீராக இருப்பது. அப்படி இருந்தால் கணக்கில் கழித்துவிடலாம். அதற்காகத்தான் அர்னால்ட் போன்றவர்கள் வெயிலிலும் குளிரிலும் ஆட்டம் மாறாதபடி பித்தளையையும் எஃகையும் ஒட்டிச் சமன்சக்கரம் செய்தார்கள். வேனலில் விரியும் உலோகம் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும்.

போட்டி வராமல் இல்லை. 1852 முதலே கிரீன்விச் நேரம் தந்திக் கம்பியில் ஓடியது. அப்படிச் சந்தாவுக்கு நேரம் விற்ற ஸ்டாண்டர்டு டைம் கம்பெனியின் செயின்ட் ஜான் வின் 1908-ல் ஒரு கூட்டத்தில், கடிகாரத்தைச் சுமந்து நேரம் விற்கும் வழக்கத்தைப் பழம்பஞ்சாங்கம் என்று எள்ளினார். பெண் என்பதால்தான் வியாபாரம் நடக்கிறது என்பது போலவும் பேசினார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன, நிருபர்கள் ரூத்தைத் தேடி வந்தார்கள். விளைவு, அவருக்கு வாடிக்கை கூடியது! தந்திக் கம்பி அறுந்தால் நேரம் நின்றுபோகும். ரூத் நடந்தே வந்துவிடுவார். 1924-ல் பிபிசி வானொலியின் மணி ஒலி வந்தது, 1936-ல் தொலைபேசியில் பேசும் கடிகாரம் வந்தது. அப்போதும் அவர் விடவில்லை. குண்டு மழை பொழிந்த 1940-ல், 86 வயதில்தான் நிறுத்தினார். 1943 டிசம்பரில் காலமானார்.

மிஸ்டர் அர்னால்ட் லண்டன் கடிகார வினைஞர் சங்கத்துக்குப் போனது. அந்தச் சங்கத்தின் அருங்காட்சியகம் 2015-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குள் இடம் மாறியது. 1836 முதல் 1940 வரை ஒரே கடிகாரம், ஒரே குடும்பம், ஒரே வேலை. வைரம் பதித்து ஏலத்தில் கோடிகளுக்குப் போகும் கடிகாரங்கள் எத்தனையோ உண்டு. இப்படி உழைத்த கடிகாரம் வேறொன்று எனக்குத் தெரியாது.

தாத்தாவின் சங்கிலிக் கடிகாரம் உங்கள் வீட்டுப் பீரோவில் கிடக்கிறதா? எடுத்தவுடன் சாவி கொடுத்துவிடாதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், ஓடவிட்டால் அச்சுகள் தேயும். விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கழுவி எண்ணெய் போடுங்கள். பிறகு தினம் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்புங்கள். ஒரு நாளைக்கு எத்தனை வினாடி முந்துகிறது, எத்தனை வினாடி பின்தங்குகிறது என்று ஒரு மாதம் குறித்துவையுங்கள். அந்தக் கடிகாரத்துக்கான சான்றிதழ் அதுதான்.