தோகா அறிக்கையும் குடிமைச் சமூகமும்

உலக வணிக அமைப்பின் வரலாறு பெரும்பாலும் அரசுகளுக்கிடையேயான பேரங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. டிரிப்ஸ் உடன்படிக்கையும் பொதுச் சுகாதாரமும் குறித்து 2001 நவம்பர் 14 அன்று தோகாவில் ஏற்கப்பெற்ற அறிக்கையை அவ்வாறு மட்டும் விளக்கிவிட இயலாது. அதன் வேர்களுள் ஒன்று தென்னாப்பிரிக்காவில் உள்ளது. மலிவு மருந்துகளுக்கு வழிகோலிய 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் 1998இல் வழக்குத் தொடுத்தன. எச்.ஐ.வி. நோயாளர்களுக்காகப் போராடிய ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பைன், நீதிமன்றத்துக்கு உதவும் தரப்பாக உள்நுழைந்ததும் வணிக வழக்கு உயிர் வழக்காயிற்று. ஆண்டொன்றுக்கு 10,000 டாலருக்கு மேல் விலைபோன கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர இந்தியாவின் சிப்லா நிறுவனம் 2001 பிப்ரவரியில் முன்வந்தது. விலைக்கும் உற்பத்திச் செலவுக்கும் உள்ள தொலைவு அன்று வெளிப்பட்டது. ஏப்ரலில் 39 நிறுவனங்களும் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஜூனில் ஆப்பிரிக்க நாடுகள் இச்சிக்கலை டிரிப்ஸ் மன்றத்துக்குக் கொண்டுசென்றன. அக்டோபரில் ஆந்திராக்ஸ் அச்சத்தில் அமெரிக்காவே சிப்ரோ மருந்தின் காப்புரிமையைப் புறந்தள்ளுவது பற்றிப் பேசியது வேறொரு கதை.

எனினும் மருந்து உற்பத்தித் திறனற்ற நாடு கட்டாய உரிமத்தால் எவ்வாறு பயன்பெறும் என்னும் வினாவை அறிக்கையின் 6ஆம் பத்தி பின்னர்த் தீர்க்குமாறு ஒத்திவைத்தது. 2003 ஆகஸ்டு 30 அன்று கிடைத்த விடை நிபந்தனைகள் மலிந்தது. இது நடைமுறைக்கு உதவாது என்று இயக்கங்கள் அப்போதே எச்சரித்தன. வினாவை மாற்ற இயன்ற அவற்றால் விதியின் வாசகத்தை மாற்ற இயலவில்லை என்பதே என் கருத்து. அவ்வேற்பாட்டின்கீழ் 2008, 2009ஆம் ஆண்டுகளில் கனடாவிலிருந்து ருவாண்டாவுக்கு மருந்து சென்றது. 2017இல் அது டிரிப்ஸின் நிலையான திருத்தமாகவே நடைமுறைக்கு வந்தது.