வலப்புறத்திலிருந்து இடப்புறத்திற்கு

தனியார் ஜெற் விமானத்தின் முன்னறையில் இரண்டு ஆசனங்கள் உள. இடப்புறம் தலைமை விமானிக்கு. வலப்புறம் துணை விமானிக்கு. இரண்டிற்குமிடையே ஒரு கைநீளமே இடைவெளி. அதனைக் கடக்கவோ ஆண்டுகள் பல வேண்டும்.

1963 ஒக்டோபர் 7 ஆம் நாள், அமெரிக்காவின் விச்சிற்றா நகரில் லியர்ஜெற் 23 முதன்முறை பறந்தது. செல்வரும் வணிகரும் இத்தகைய விமானங்களை வாங்கலாயினர். ஒரு விமானமே உடைய முதலாளியிடம் பதவியுயர்வுக்கு ஏணி ஏது? தலைமை விமானி விலகினாலன்றித் துணைவர்க்கு உயர்வில்லை. 1964 இல் தோன்றிப் பின்னர் நெற்ஜெற்ஸ் எனப் பெயர்பெற்ற நிறுவனம், ஒரு விமானத்தைப் பலர் பங்காக வாங்கும் முறையை 1986 இல் தொடங்கியது. விமானங்கள் பெருகின; சேவைமூப்பு வரிசையும் வந்தது.

அந்நாட்டில் வாடகை ஜெற் விமானத்துக்குத் தலைமை தாங்குவோர், பொதுவாக 1,500 மணிநேரப் பறப்பைக் கோரும் உயர் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். பயணிகள் விமான நிறுவனங்களின் துணை விமானிகளுக்கோ 250 மணிநேரம் போதுமாயிருந்தது.

2009 பெப்ரவரி 12 ஆம் நாள், பஃபலோ நகரருகே பயணிகள் விமானமொன்று வீழ்ந்து 50 பேர் மாண்டனர். அதன் விளைவாக, 2013 முதல் அத்துணை விமானிகளுக்கும் பொதுவாக 1,500 மணிநேரம் விதிக்கப்பட்டது. இளம் விமானிகள் பலர் தனியார் ஜெற்றின் வலப்புற ஆசனத்தில் மணிநேரம் சேர்க்கலாயினர்.

ஆனால், பஃபலோவில் மாண்ட விமானிகள் இருவரும் 2,000 மணிநேரத்துக்கு மேற் பறந்தவர்களே. வேகம் குன்றுகின்றதென எச்சரிக்கை எழுந்தபோது, தலைமை விமானி விமானத்தின் முகப்பைத் தாழ்த்தாது உயர்த்தினார். மணிநேரம் ஆசனத்தைத் தரும். அதற்குரிய தகுதியைப் பயிற்சியும் நிதானமுமே தரும்.