இறந்த பின் கிடைத்த விடை: மறதி நோயும் இரத்தப் பரிசோதனையும்

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநலக் காப்பகத்தில், 51 வயதுப் பெண்மணி ஒருவரை மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் விசாரித்துக்கொண்டிருந்தார். பெயர் என்ன? அவுகுஸ்டே என்றார் அப்பெண்மணி. குடும்பப் பெயர்? அதுவும் அவுகுஸ்டே. கணவரின் பெயர்? அதற்கும் அதே விடை. காலிஃபிளவர் உண்டுகொண்டிருந்தவரிடம் என்ன உண்கிறீர்கள் என்று கேட்டபோது, கீரை என்றார்.

அவுகுஸ்டே டேட்டரின் கணவர் ரயில்வே எழுத்தர். அவருடைய துன்பம் மனைவியின் மறதியில் தொடங்கவில்லை; தம்மீது மனைவி கொண்ட காரணமற்ற சந்தேகத்தில் தொடங்கியது. நினைவு தடுமாறியதும், வீட்டுப் பொருள்களை ஒளித்து வைத்ததும் அதன் பின்னரே. நம் வீடுகளிலும் இது புதிதன்று. நகையை மருமகள் எடுத்துவிட்டாள் என்று புலம்பும் மூதாட்டியையும், தொழுத லுஹரை மீண்டும் தொழ எழுந்து, தடுத்தால் சினந்து பேசும் பெரியவரையும் "குணம் மாறிவிட்டது" என்றே நாம் சொல்லி வந்திருக்கிறோம். நோய் பேசிய பேச்சுக்கு நோயாளியைக் குற்றம் சாட்டிய வீடுகள் எத்தனையோ!

1906 ஏப்ரலில் அவுகுஸ்டே இறந்தார். அப்போது மியூனிக் நகரில் பணியாற்றிய அல்சைமர், அவருடைய மூளையை வரவழைத்து, வெள்ளி உப்புச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டான படிவுகளும், உள்ளே முறுக்கிய நூல் போன்ற சிக்கல்களும் தென்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 3 அன்று டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்களிடம் அவர் இதை எடுத்துரைத்தபோது எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1910இல் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

பெயர் கிடைத்தது, ஆனால் உறுதியான விடை இறப்புக்குப் பின், மூளையைத் திறந்து பார்த்தால் மட்டுமே கிடைக்கும் என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. ஜனாஸாவை அறுக்காமல் விரைந்து அடக்கம் செய்யும் நம் போன்ற சமுதாயத்தினருக்கு அந்த விடை கிடைக்கவே வழியில்லை. உம்மாவுக்கு வந்தது என்ன நோய் என்று அறியாமலேயே பிள்ளைகள் கபரில் மண் அள்ளிப் போட்டுத் திரும்பினர்.

1984இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வாங்கும் அமிலாய்டு பீட்டா என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். திட்டுகளின் மூலப்பொருள் அதுவே. இரண்டாண்டுகளில், சிக்கல்களில் இருப்பது டௌ என்னும் புரதம் என்றும், அதன்மீது பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது என்றும் இங்கே குருண்ட்கே-இக்பால், காலித் இக்பால் உள்ளிட்டோர் காட்டினர். பின்னர் முதுகுத்தண்டில் ஊசியிட்டு எடுக்கும் நீரில் இப்புரதங்களை அளக்க முடிந்தது. 2004இல், உயிரோடிருப்பவரின் மூளையில் அமிலாய்டைப் படமெடுத்துக் காட்டும் பெட் ஸ்கேன் முறையும் வெளியானது. முன்னதற்கு ஊசிக்கு அஞ்சினர். பின்னதற்குச் செலவைக் கண்டு அஞ்சினர்.

இரத்தத்தில் அளப்பது ஏன் இத்தனை காலம் கைகூடவில்லை? மூளையிலிருந்து இரத்தத்திற்கு வந்து சேரும் இப்புரதங்களின் அளவு மிக மிகச் சிறிது. ஒரு மில்லி லிட்டரில் ஒரு கிராமின் இலட்சம் கோடியில் சில பங்குகளே. அத்துடன் இரத்தத்தில் ஏராளமான பிற புரதங்களும் நிறைந்துள்ளன. கருவிகள் நுண்மை பெற்ற பின்னரே வழி திறந்தது. 2018இல், நோபல் பரிசு பெற்ற கோயிச்சி தனாக்கா இடம்பெற்ற ஜப்பானிய, ஆஸ்திரேலியக் குழு அமிலாய்டை இரத்தத்தில் அளந்து வெளியிட்டது. 2020இல் சுவீடன் அறிஞர்கள் தலைமையிலான ஆய்வு, 217ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏறிய டௌ சிறந்த அடையாளம் என்று காட்டியது. மூளையில் அமிலாய்டு படியும்போது இரத்தத்தில் அமிலாய்டு 42 குறைகிறது, இந்த டௌ கூடுகிறது. ஆகவே இரண்டின் விகிதத்தைப் பார்க்கிறார்கள்.

இந்த விகிதத்தை அளக்கும் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. 499 பேரின் இரத்தத்தைக் கொண்டு சரிபார்த்தபோது, நோய்க்குறி உண்டு என்று வந்தவர்களில் 91.7 விழுக்காட்டினருக்கும், இல்லை என்று வந்தவர்களில் 97.3 விழுக்காட்டினருக்கும் முடிவு சரியாக இருந்தது. ஆயினும் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு எதுவும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

இந்த அனுமதி, 55 வயதைக் கடந்து, நினைவுத் தடுமாற்றம் ஏற்கெனவே தோன்றி, மருத்துவரிடம் வந்தவர்களுக்கு மட்டுமே உரியது. நலமாக இருப்பவர் வருங்காலம் அறிய எடுத்துப் பார்ப்பதற்கு அன்று. மூளையில் அமிலாய்டு படிந்தும் இறுதிவரை தெளிந்த அறிவோடு வாழ்ந்த முதியோர் பலர். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு இந்த டௌ இரத்தத்தில் கூடிக் காட்டும் என்பதையும், நீரிழிவு மலிந்த நம் குடும்பங்கள் மருத்துவரிடம் மறவாது சொல்ல வேண்டும். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். இவை சிகிச்சைக்கு இணங்குபவை. எனவே மருத்துவர்கள் முதலில் இவற்றைத்தான் சோதிக்கிறார்கள்.