தாழ்ந்த ஆகாயமும் ஊராரின் சட்டமும்

மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில் பாஸ்டன் மாநகரை அடுத்துள்ள நியூட்டன் என்னும் ஊரின் நகரசபை, 2016 டிசம்பரில், டிரோன் எனப்படும் ஆளில்லா விமானங்களைக் குறித்து ஒரு சட்டம் இயற்றிற்று. டிரோன் வைத்திருப்போர் அனைவரும் நகரசபைக் காரியாலயத்தில் அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறர் நிலத்துக்கு மேலே 400 அடிக்கும் தாழ்வாகப் பறக்கவிடுவதானால் நிலத்துக்கு உடையவரின் அநுமதியை முன்கூட்டிப் பெற வேண்டும். நகரசபைக்குச் சொந்தமான இடங்களுக்கு மேலே எந்த உயரத்திலும் அநுமதியின்றிப் பறக்கவிடலாகாது. இயக்குபவரின் கண்பார்வைக்கு அப்பால் செலுத்தலாகாது. இவையே அதன் முக்கிய விதிகள். தம் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருப்பவரை மேலேயிருந்து ஒரு காமிரா உற்றுப் பார்க்க இடங்கொடுக்கலாகாது என்னும் எண்ணமே இவற்றுக்கு அடிப்படை. அவ்வெண்ணத்தில் குற்றம் காண்பார் எவருமிரார். ஆயினும், டிரோன் செலுத்துவதற்குச் சமஷ்டி அரசிடம் முறைப்படி சான்று பெற்றிருந்த அவ்வூர் மருத்துவர் ஒருவர் வழக்குத் தொடுக்கவே, சமஷ்டி ஜில்லா நீதிமன்றத்தின் நீதிபதி வில்லியம் யங், 2017 செப்டம்பர் 21-ஆம் நாள், மேற்கூறிய நான்கு விதிகளும் செல்லா எனத் தீர்ப்பளித்தார்.

தீர்ப்பின் நியாயம் எளிதில் விளங்கக்கூடியது. டிரோன் 400 அடிக்கு மேலே போகலாகாது என்பது பொதுவில் சமஷ்டி விமானப் போக்குவரத்து நிர்வாகம் வகுத்த எல்லை. 400 அடிக்குக் கீழே அநுமதியின்றிப் போகலாகாது என்பது நியூட்டன் வகுத்த எல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், அநுமதி இல்லாதவனுக்கு அவ்வூர் ஆகாயத்தில் பறக்க ஓர் அங்குல இடமும் மிஞ்சாது. சமஷ்டிச் சட்டம் அநுமதித்த ஒன்றை ஒரு நகரசபை முற்றாக விலக்குவது அமெரிக்க அரசியலமைப்புக்கு ஒவ்வாத காரியம்.

இத்தீர்ப்பைக் கொண்டு, டிரோன் விஷயத்தில் ராஜ்யங்களுக்கும் நகரசபைகளுக்கும் அதிகாரமே இல்லையென்று முடிவு கட்டுவோர் உளர். நகரசபையின் நியாயமான உரிமையைச் சமஷ்டி அரசு பறித்துக்கொண்டது என்று வருந்துவோரும் உளர். இரு சாராரும் பிழைபடுகின்றனர் என்பது என் துணிபு. நியூட்டன் தோற்றது அதிகாரம் இல்லாமையால் அன்று. தனக்குரிய அதிகாரத்தை விட்டுவிட்டு, ஒரு சிறிய விமான இலாகாவைப் போல நடந்துகொண்டமையால் தோற்றது. உள்ளூர்ச் சட்டத்தின் வலிமை மண்ணிலிருந்தும், அம்மண்ணின்மேல் கருவியைக் கையில் பிடித்து நிற்கும் மனிதனின் செயலிலிருந்தும் பிறப்பது; ஆகாயத்தை அடிக்கணக்கில் அளந்து பங்கு போடத் தொடங்கியவுடன் அவ்வலிமை அதைவிட்டுப் போய்விடுகிறது.

இந்த வேறுபாடு டிரோனோடு பிறந்ததன்று. வட கரோலினா ராஜ்யத்தின் கிரீன்ஸ்பரோ நகருக்கு அருகே, மூன்று ஏக்கருக்கும் குறைவான நிலத்தில், காஸ்பி என்னும் குடும்பத்தார் கோழிப் பண்ணை வைத்துப் பிழைத்து வந்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அருகிலிருந்த விமான நிலையத்தைச் சமஷ்டி அரசு குத்தகைக்கு எடுத்துக்கொள்ள, குண்டுவீச்சு விமானங்கள் அந்நிலத்துக்கு மேலே இரவும் பகலும் ஏறவும் இறங்கவுமாயின. அவற்றுக்கென அநுமதிக்கப்பட்ட இறங்கு பாதை நிலத்துக்கு மேலே 83 அடி, வீட்டுக் கூரைக்கு மேலே 67 அடி, அங்கிருந்த மிக உயர்ந்த மரத்துக்கு மேலே வெறும் 18 அடி. இரவில் விமான விளக்குகளின் வெளிச்சம் வீட்டினுள் பாயும். ஓசை கேட்டு மிரண்ட கோழிகள் சுவரில் மோதி மடிந்தன. சில நாட்களில் ஆறு முதல் பத்து வரை, மொத்தத்தில் ஏறக்குறைய 150 கோழிகள். முட்டையிடுவது குறைந்தது, உறக்கம் போயிற்று, பண்ணையை மூடும்படி ஆயிற்று. 1946-இல் இவ்வழக்கைத் தீர்த்த சுப்ரீம் கோர்ட்டு, நிலம் உடையவனுக்கு அதற்கு நேர்மேலே உள்ள ஆகாயம் முழுவதும் சொந்தம் என்ற பழைய சித்தாந்தத்தைத் தள்ளிவிட்டது. எனினும், நிலத்தை ஒருவன் அநுபவிப்பதற்கு இன்றியமையாத, மண்ணை ஒட்டிய ஆகாயம் அவனுக்கே உரியது என்றும், அதனைத் தொடர்ந்து கவர்ந்துகொண்ட அரசு நஷ்டஈடு தர வேண்டும் என்றும் விதித்தது. அந்த உரிமை எத்தனை அடி உயரம் என்பதை மட்டும் கோர்ட்டு வரையறுக்கவில்லை.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வில்லியம் டக்ளஸ். 1962-இல், பிட்ஸ்பர்க் விமான நிலையத்தின் விமானங்கள் ஒரு வீட்டாருக்கு இழைத்த துன்பத்துக்கு நஷ்டஈடு தர வேண்டியது நிலையத்தை அமைத்த அலகேனி கவுண்டியே என்று தீர்ப்பெழுதியவரும் அவரே: போதிய நிலத்தைக் கையகப்படுத்தாமல் நிலையம் கட்டியது அந்தக் கவுண்டி, ஆதலின் பொறுப்பும் அதனுடையது. 1973-இல், கலிபோர்னியாவின் பர்பாங்க் நகரம் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ஜெட் விமானங்கள் கிளம்பலாகாது என்று இட்ட தடை செல்லாது எனப் பெரும்பான்மையோர் சார்பில் எழுதியவரும் அவரேயாவார். அந்தத் தீர்ப்பு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் நூலிழையில் வந்தது. மூன்று தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், ஊன்றிப் படிப்பவருக்கு ஊடே ஓடும் ஒரே சரடு புலப்படும். மண்ணை உடையவனுக்கு உரிமை உண்டு. மண்ணை நிர்வகிக்கும் உள்ளூர் அரசுக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் எந்த விமானம் எப்பொழுது எவ்வழியே பறக்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் ஊருக்கு இல்லை. நியூட்டன் வழக்கு இந்தச் சரட்டின் தொடர்ச்சியேயன்றிப் புதுமை ஒன்றுமில்லை.

புதுமை வேறோரிடத்தில் இருக்கிறது. ஆட்களை ஏற்றிச் செல்லும் விமானங்களுக்குச் சமஷ்டி விதிகள் வகுத்தது ஒரு தளம்: பொதுவாக மக்கள் செறியாத இடங்களில் 500 அடிக்கும், நகரங்களில் உயர்ந்த கட்டடத்துக்கு மேல் 1,000 அடிக்கும் கீழே இறங்கலாகாது. டிரோனுக்கு வகுத்ததோ ஒரு கூரை. முன்பு எவருடைய பாதையாகவும் இல்லாமல், பறவைகளுக்கும் பட்டங்களுக்கும் விடப்பட்டிருந்த தாழ்ந்த ஆகாயம், 2016 ஆகஸ்டில் வர்த்தக டிரோன்களுக்கான விதிகள் அமலுக்கு வந்தது முதல், ஒரு பொதுப் பாதையாகிவிட்டது. காஸ்பி தீர்ப்பு நிலம் உடையவனுக்கு என ஒதுக்கிவைத்த ஆகாயமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் இதனைத் தெளிவாகத் தீர்த்திருக்க வேண்டும், தீர்க்கவில்லை. அதனால் விளைந்த வெற்றிடத்தையே ராஜ்ய சட்டசபைகள் அடிக்கோலைக் கொண்டு நிரப்ப முயல்கின்றன.

அவ்வாறு அளப்பது ஏன் பயன்படாது என்பதற்குக் கென்டக்கி ராஜ்யத்தில் ஹில்வியூ என்னும் ஊரில் 2015 ஜூலையில் நிகழ்ந்தது போதிய சான்று. தம் வீட்டுக்கு மேலே வட்டமிட்ட டிரோனை ஒருவர் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். டிரோன் சுமார் 200 அடி உயரத்தில் பறந்ததாகக் கருவியின் பதிவுகளைக் காட்டி உடையவர் வாதித்தார். மர உச்சிக்கும் கீழே வந்ததைக் கண்ணால் கண்டோம் என்று அயலார் சாட்சி சொல்ல, உள்ளூர் நீதிபதி அச்சாட்சியத்தை ஏற்றுக் குற்றச்சாட்டைத் தள்ளினார். ஆகாயத்தின் உரிமையைத் தீர்க்கக் கோரி டிரோனின் உடையவர் சமஷ்டி நீதிமன்றத்தை நாட, அந்நீதிமன்றம் தனக்கு அவ்வழக்கை விசாரிக்க அதிகாரமில்லை என்று 2017-இல் தள்ளிவிட்டது. டிரோன்களின் கட்டுப்பாட்டுத் திரையில் தெரியும் உயரம் பெரும்பாலும் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மேட்டில் நின்று கிளப்பியவனுடைய திரை 100 அடி என்று காட்டும்போது, பள்ளத்திலுள்ள வீட்டாருக்கு அது 180 அடியாக இருக்கலாம். பள்ளத்தில் நின்று கிளப்பினால் மேட்டுவீட்டின் கூரையைத் தொட்டுக்கொண்டும் போகலாம். கீழே நிற்பவன் கையில் அளவுகோல் இல்லை. நெவாடா ராஜ்யம் 250 அடி என்று எல்லை வைத்தபோதும், அதற்குக் கீழே ஒருமுறை பறந்ததற்காக மட்டும் வழக்காட விடாமல், முன்பே ஒருமுறை பறந்திருக்க வேண்டும், உடையவர் ஆட்சேபித்து அறிவித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை சேர்த்தது. எண் மட்டும் நியாயத்தைத் தாங்காது என்று அந்தச் சட்டசபையே உணர்ந்ததற்கு அந்நிபந்தனையே அடையாளம்.

கலிபோர்னியா இவ்விஷயத்தில் தெளிவான பாடம் தருகிறது. 350 அடிக்குக் கீழே அநுமதியின்றிப் பறப்பதை அத்துமீறலாக்கும் மசோதாவை, 2015 செப்டம்பரில் கவர்னர் ஜெரி பிரவுன் ரத்து செய்தார். சில வாரங்கள் கழித்து அவரே வேறொரு மசோதாவுக்குக் கையெழுத்திட்டார். பிறருடைய அந்தரங்க வாழ்க்கையைப் படம் பிடிக்கவோ ஒலி பதியவோ வேண்டி, அநுமதியின்றி அவர் நிலத்துக்கு மேலுள்ள ஆகாயத்தில் நுழைபவன் பொறுப்பாளியாவான் என்பது அதன் சாரம். அதில் அடிக்கணக்கு இல்லை. செயலும் நோக்கமும் உண்டு.

மண்ணின் அதிகாரத்தைக் கையாண்டதற்குச் சமஷ்டி அரசின் கிளை ஒன்றே உதாரணம். தேசியப் பூங்கா இலாகா 2014 ஜூனில் டிரோன்களைத் தடுத்தபோது, பூங்காவுக்கு மேலே உள்ள ஆகாயத்தை மூடவில்லை. பூங்கா நிலத்திலிருந்து கிளப்புவதையும், அந்நிலத்தில் இறக்குவதையும், அங்கே நின்று இயக்குவதையும் தடை செய்தது. விமான நிர்வாகமும் 2015 டிசம்பரில் வெளியிட்ட குறிப்பில், உயரத்தையும் பாதையையும் பற்றிய உள்ளூர் விதிகள் தன்னோடு கலந்தே செய்யத்தக்கவை என்று சொல்லிவிட்டு, போலீசார் டிரோனைப் பயன்படுத்த வாரண்ட் பெற வேண்டுமென்னும் சட்டங்களும், ஒளிந்து பார்ப்பதையும் டிரோனில் ஆயுதம் பொருத்துவதையும் தடுக்கும் சட்டங்களும் பொதுவாக ராஜ்யங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று ஒப்புக்கொண்டது. நியூட்டன் தன் பூங்காக்களில் நின்று டிரோனைக் கிளப்பலாகாது என்றும், ஒருவரின் வீட்டினுள்ளே காமிராவைச் செலுத்தலாகாது என்றும் மட்டும் விதித்திருந்தால், தான் வேண்டியதில் பெரும்பகுதியை அடைந்திருக்கக்கூடும்.

வாரண்ட் பற்றிய சட்டங்களே ராஜ்யங்கள் செய்த அரும்பணி என்பேன். 1,000 அடி உயரத்தில் பறந்த விமானத்திலிருந்து, வேலியிட்ட ஒரு கொல்லையைப் போலீசார் பார்த்ததும், ஃப்ளோரிடாவில் 400 அடி உயரத்தில் பறந்த ஹெலிகாப்டரிலிருந்து கூரையில் சில தகடுகள் இல்லாத ஒரு செடிக் கொட்டகையினுள் பார்த்ததும், வாரண்ட் வேண்டிய சோதனை ஆகாவென்று முறையே 1986-இலும் 1989-இலும் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. பின்னதில் நீதிபதி ஓ'கானர் தனியே எழுதிய கருத்து கவனிக்கத்தக்கது: விமான விதிகள் அவ்வுயரத்தை அநுமதிக்கின்றனவா என்பதன்று கேள்வி, பொதுமக்கள் அவ்வுயரத்தில் வழக்கமாகப் பறக்கிறார்களா என்பதே கேள்வி. இந்த அளவையை டிரோனுக்குப் பொருத்தினால் விளைவு அச்சந்தருவதாக இருக்கிறது. சிறுவர் சிறுமியரும் வாங்கி விளையாடும் பொருளாக டிரோன் பெருகப் பெருக, தாழ்ந்த ஆகாயத்தில் பறப்பது வழக்கமாகும். வழக்கமாக ஆக, அரசியலமைப்பு பிரஜைக்குத் தந்த காப்பு தேய்ந்துபோகும். ஆகவேதான் 2013-இல் ஐடஹோவும், அந்த ஹெலிகாப்டர் பறந்த ஃப்ளோரிடாவும், போலீசார் டிரோனால் சாட்சியம் திரட்டுவதற்குச் சில விலக்குகள் நீங்கலாக வாரண்டைக் கட்டாயமாக்கியது பெருமைக்குரிய செயல்.

செயலை நோக்கும் சட்டம் என்றாலே நல்ல சட்டமாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2012-இல் டெக்ஸாஸின் டல்லஸ் நகரில், பொழுதுபோக்காக விமானம் விட்ட ஒருவர், தம் காமிரா எடுத்த படத்தில் டிரினிட்டி ஆற்றோடு சேரும் ஓடை ஒன்று சிவந்திருப்பதைக் கண்டார். ஓர் இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த இரத்தம் அது. அடுத்த ஆண்டே அந்த ராஜ்யம், தனியார் நிலத்தை வேவு பார்க்கும் நோக்கத்தோடு டிரோனால் படம் பிடிப்பதைக் குற்றமாக்கிற்று. வீடு விற்கும் தரகருக்கு விலக்கு அளித்த அச்சட்டம் பத்திரிகையாளருக்கு அளிக்கவில்லை. 2022-இல் ஜில்லா நீதிமன்றம் இதைப் பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணென்று தள்ள, 2023-இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. கொல்லையில் குளிப்பவருடைய அந்தரங்கமும் ஆற்றில் கழிவை விடும் ஆலையின் மறைப்பும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் சொல்லாவிடில், அந்தரங்கத்தின் பெயரால் அநியாயத்துக்கே வேலி கட்டியதாகும். இந்தச் சட்டத்தை டெக்ஸாஸ் சட்டசபை திருத்த வேண்டும்.

ராஜ்யச் சட்டங்கள் கட்டுப்படுத்த வேண்டியவற்றுள் ஊராட்சிகளையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. மிச்சிகன் ராஜ்யத்தில் லாங் லேக் என்னும் டவுன்ஷிப், ஒருவர் தம் ஐந்து ஏக்கர் நிலத்தில் பழைய வாகனங்களைக் குவித்து வைக்கிறார் என்று சந்தேகித்து, 2017-இலும் 2018-இலும், வாரண்ட் இன்றி ஒரு டிரோன்காரரை அமர்த்தி மேலேயிருந்து படம் எடுப்பித்தது. நியூட்டனில் பிரஜையைக் காக்க முன்வந்தது உள்ளூர் அரசு. இங்கே எட்டிப் பார்த்ததும் உள்ளூர் அரசே. அவ்வழக்கில் மிச்சிகன் சுப்ரீம் கோர்ட்டு 2024 மே மாதத்தில், இது குற்ற வழக்கன்று, சிவில் வழக்கு, ஆதலின் படங்கள் சட்டவிரோதமாக எடுக்கப்பட்டவையாயினும் சாட்சியத்திலிருந்து விலக்க வேண்டியதில்லை என்று கூறிற்று. டவுன்ஷிப்பின் டிரோன் அந்நிலத்துக்கு மேலே பறந்தது அரசியலமைப்பின்படி ஒரு சோதனைதானா என்ற கேள்விக்கு அக்கோர்ட்டு விடை கூறவில்லை.