லயத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகை



தோட்டத்து வரலாறு என்றால் கப்பலைப் பற்றிப் பேசுகிறோம், கங்காணியைப் பற்றிப் பேசுகிறோம், சம்பளத்தையும் சங்கத்தையும் பற்றிப் பேசுகிறோம். லயத்துக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்ற தகரக் கொட்டகையைப் பற்றி மட்டும் நாம் பேசுவதில்லை. கக்கூசைப் பற்றியெல்லாம் வானொலியில் பேச வேண்டுமா என்று முகம் சுளிக்காதீர்கள். நம் முன்னோரில் எத்தனையோ பேர் அற்ப ஆயுளில் போனதற்கு, அந்தக் கொட்டகை இல்லாததும் ஒரு காரணம்.

மலாயாவில் ரப்பர் பரவிய தொடக்க காலத்தில், காட்டை வெட்டியதும் கன்று நட்டார்கள். ஆட்களைக் கொண்டுவந்து லயத்தில் குடியேற்றினார்கள். கழிப்பிடம் பல தோட்டங்களில் பிறகுதான் வந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அதற்கு முன்பே ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு திசையாக மரத்தடிக்குப் போய்வர வேண்டும். அதே மரத்தடியில்தான் பிறகு பால் வெட்ட வேண்டும். காலில் செருப்புக் கிடையாது.

கொக்கிப்புழுவுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? நோயாளியின் மலத்தில் வெளிவரும் அதன் முட்டை, நிழலும் ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கிறது. பத்து நாளுக்குள் அந்தக் குஞ்சுப்புழு மனித உடலில் புகத் தயாராகிவிடுகிறது. நிழலும் ஈரமும் வெப்பமும் ரப்பர் காட்டில் வருஷம் முழுவதும் உண்டு. வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக ஏறிக் குடலில் இறங்கி, அங்கே கடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. கால்விரல் இடுக்கில் அரிப்பு, பிறகு சோகை, முகவீக்கம், மூச்சிரைப்பு. சோகை பிடித்தவனைச் சோம்பேறி என்று திட்டிய கங்காணிகள் உண்டு. பிரசவத்தில் இறந்த பெண்ணுக்குப் பேய் பிடித்தது என்று சொன்னவர்களும் உண்டு.

இந்தப் புழு தோல் வழியாக ஏறும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. 1898-ஆம் ஆண்டு எகிப்தின் கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த லூஸ் என்ற ஜெர்மானியரின் கையில் குஞ்சுப்புழுக்கள் இருந்த நீர் சொட்டிவிட்டது. தோல் சிவந்து எரிந்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் காணப்பட்டன.

1915-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் ஒரு குழுவைக் கீழ்த்திசைக்கு அனுப்பியது. பனாமாக் கால்வாய்ப் பணியில் பேர்பெற்ற டாக்டர் டார்லிங் அதன் தலைவர். மலாயா, ஜாவா, பிஜித் தீவு ஆகிய இடங்களில் அவர்கள் ஆராய்ந்தார்கள். முட்டை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்கவில்லை. மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பொறுமையான வேலை, நாற்றமான வேலை. ஆனால் மருந்து கொடுத்து அனுப்பிய ஆள் மறுநாளும் அதே மண்ணில்தான் கால் வைத்தான். கழிப்பிடம் இல்லாத இடத்தில் மருந்து பாதி வேலைதான் செய்தது.

கூலித் தமிழனுக்குக் கழிப்பிடத்தில் போகும் பழக்கமே கிடையாது என்று அக்காலத்துத் துரைமார்களும் டாக்டர்களும் எழுதிவைத்தார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஊரில் வயல்வெளிக்குப் போய்ப் பழகியவர்கள் நாம். ஆனால் கதவில்லாத, விளக்கில்லாத, பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு கொட்டகைக்கு இருட்டில் கைக்குழந்தையோடு போகத் தயங்கிய தாயின் நிலையை அவர்கள் எழுதவில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், கழிப்பிடம், ஆஸ்பத்திரி ஆகியவற்றை முதலாளியின் பொறுப்பாக்கியது. பழக்கம் இல்லை என்று சொன்னவர்களே கட்டிக்கொடுக்கவும் கடமைப்பட்டார்கள்.

வாளிக் கக்கூசு, குழிக் கக்கூசு, துளைக் கக்கூசு எனப் பல வகை வந்தன. துளைக் கக்கூசு டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் பரவியது. துரப்பணத்தால் 15, 20 அடி ஆழத்துக்குத் துளையிட்டு, மேலே பலகை போடுவார்கள். வாளிக் கக்கூசுக்கு ஆள் வேண்டும். அந்த வாளியைத் தலையிலும் தோளிலும் சுமந்தவர்களில் நம்மவர் பலர். அவர்கள் சுமந்ததால் நாம் பிழைத்தோம். ஆனாலும் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேசினோம். சிங்கப்பூரில் இந்த வாளிமுறை 1987-இல்தான் முற்றிலும் நின்றது.

இடையில் 1943 வந்தது. சயாம் மரண ரயிலுக்குத் தோட்டங்களிலிருந்து நம் மக்களைப் பல்லாயிரக் கணக்கில் பிடித்துப் போனார்கள். மழைக்காலத்தில் காலரா வந்தது. பக்கத்து முகாம்களில் இருந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் அதே மழையில், அதே பட்டினியில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களோடு அவர்களுடைய இராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். கக்கூசுக் குழி வெட்டச் செய்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைக்கச் செய்தார்கள். நம் மக்களின் முகாம்களில் அப்படி ஏற்பாடு செய்ய ஆளில்லை. ஏறத்தாழ 60,000 கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவே கொடுமை. நம்மவர் இறந்தது அதைவிட மிகப் பெரிய அளவில். அதைத் தலை எண்ணி எழுதிவைத்தவர் இல்லை.

இனி செப்டிக் டாங்கிக்கு வருவோம். பிரான்சு நாட்டில் மூரா என்பவர் 1860-ஐ ஒட்டித் தம் வீட்டுக் கழிவுக்கு ஒரு மூடிய தொட்டி கட்டினார். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் கேமரன் என்ற பொறியாளர் 1895 வாக்கில் அதை மேம்படுத்தி, 'செப்டிக் டாங்க்' என்று பெயரிட்டார். அதற்குள் இயந்திரம் ஏதும் இல்லை. கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெய்ப்பசை மேலே ஆடையாக மிதக்கும். நடுவிலுள்ள தண்ணீர் குழாய் வழியே வெளியேறும். காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். நாற்றம் போகட்டும் என்று கிருமிநாசினியைத் தாராளமாக ஊற்றினால் வேலை செய்கிற கிருமிதான் சாகும். வெளியேறும் தண்ணீரும் சுத்தமானதன்று. கிணற்றுப் பக்கம் விடவே கூடாது.

இதற்குத் தண்ணீர் வேண்டும், சிமெண்டு வேண்டும். ஆகவே பங்களாவும் ஆஸ்பத்திரியும் முந்திக்கொண்டன. லயம் கடைசியாக நின்றது. கம்பங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகளை அரசாங்கம் 1970-களில் பெருமளவில் கொண்டுபோனபோது, தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால் நாம் பெரும்பாலும் வெளியே நின்றோம். 1966-இல் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் முதலாளியைத்தான் பொறுப்பாக்கின. சில தோட்டங்களில் நல்ல வீடுகள் எழும்பின. பலவற்றில் தோட்டமே துண்டுபட்டு, வீடமைப்புத் திட்டமாகிவிட்டது.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த நம் குடும்பங்கள் பலவற்றின் வாசலில் இன்று அந்தத் தொட்டி இருக்கிறது. சில வீடுகளில் அதன் மேலே சிமெண்டு பூசி, கார் நிறுத்தி, பூஜாடி வைத்துவிட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சேறு எடுக்க லாரி வரவேண்டும். வருகிற ஆளுக்கு மூடி எங்கே என்று தெரியவில்லை. வீட்டுக்காரரும் தலையைச் சொறிகிறார். சேறு நிறைந்தால் அடைப்பு எடுக்கக் கம்பியோடு தாமே மூடியைத் திறந்து குனிகிறார். உள்ளே தேங்கும் நச்சுவாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். தூக்கப் போனவரையும் சாய்த்துவிடும். மூடி இருக்கும் இடத்தைச் சுவரில் ஒரு வண்ணக்கோடு போட்டுக் குறித்துவையுங்கள். திறப்பது லாரிக்காரர்களின் வேலை. அவர்கள் வரும்போது பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.